பேசுவது தமிழ், அதனால் இனமும் தமிழா?



“வீட்டில் பேசுவது தமிழ், அப்போ நீங்களும் தமிழர்தானே?” மாவனல்லையிலிருந்து இரத்தினபுரி வரை இந்தக் கேள்விக்கு முகம் கொடுக்காத சோனகர் நம்மில் குறைவு. போன கிழமை நம் வகுப்புப் பிள்ளை ஒன்றும் கேட்டது. கேள்வி பழையது.

1888இல் பொன்னம்பலம் இராமநாதன் றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் சோனகர் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். மொழி, பழக்கவழக்கம், தோற்றம் ஆகியவற்றை வைத்து, சோனகர் மதத்தால் வேறு, இனத்தால் தமிழர் என்றார். அப்போது அவர் சட்டநிரூபண சபையில் தமிழ் உறுப்பினர். முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் இல்லாத காலம். நம் முன்னோர் அதை வெறும் ஆராய்ச்சியாகப் பார்க்காததில் வியப்பில்லை. அடுத்த வருடம், 1889இல், எம்.சி. அப்துல் றஹ்மான் முதலாவது முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார்.

மொழியை வைத்து உறவு கண்டுபிடிக்கும் முறை பிழையானதல்ல. 1856இல் கால்ட்வெல் திராவிட மொழிகளை ஒப்பிட்டுக் காட்டினார். நமது ‘செவி’ கன்னடத்தில் ‘கிவி’, நமது ‘சேரி’ அங்கே ‘கேரி’. சொற்கள் இப்படி ஒழுங்காக மாறும், அதனால் கணக்குப் போடலாம். இரத்தத்துக்கு அந்தக் கணக்கு இல்லை. கடல் கடந்து வந்த வியாபாரி இங்கே மணம் முடித்தால் பிள்ளை உம்மாவின் மொழியைப் பேசும். ஒரே தலைமுறையில் மொழி மாறிவிடும்.

‘ஆரியர்’ என்ற சொல்லைப் பரப்பியவர்களில் ஒருவரான மாக்ஸ் முல்லரும் அதே 1888இல்தான், தாம் சொன்னது மொழியை மட்டுமே, இரத்தத்தை அல்ல என்று அழுத்தி எழுதினார். கொழும்புக்கு அது கேட்கவில்லை போலும்.

1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு மறுப்பு எழுதினார். துணிச்சலான வேலை. ஆனால் அவரும் அரபு வம்சத்தைத்தான் முன்வைத்தார். கோபிக்க வேண்டாம், நமக்கு இது குறையாகவே படுகிறது. தந்தைவழியை நிறுவப் பாடுபட்டதில், இந்த மண்ணின் உம்மாமார் பின்னுக்குப் போய்விட்டார்கள்.

தோட்டப் பக்கம் பாருங்கள். 1911 குடிசன மதிப்பில் லயத்து மக்கள் ‘இந்தியத் தமிழர்’ என்று தனியாக எழுதப்பட்டார்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தில் அவர்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். யாழ்ப்பாணத்தாரும் அவர்களும் பேசியது ஒரே மொழிதான். அங்கே மட்டும் மொழி யாரையும் ஓரினமாக்கவில்லை.

அந்தப் பிள்ளைக்கு நாம் பாடசாலைப் படிவத்தைக் காட்டினோம். தாய்மொழிக்கு ஒரு கட்டம், இனத்துக்கு வேறொரு கட்டம். “அப்போ ரெண்டையும் எழுதலாம்தானே சேர்?” என்று கேட்டுவிட்டு எழுதத் தொடங்கியது.