சிலிண்ட்ரோமா: ஒரு பெயர் மறைத்த நோய்

உமிழ்நீர்ச் சுரப்பிகளில் அரிதாகத் தோன்றும் ஒரு கட்டி நெடுங்காலம் ‘சிலிண்ட்ரோமா’ என்றே வழங்கப்பட்டது. 1859இல் தியோடோர் பில்ரோத் அளித்த பெயர் அது. நுண்ணோக்கியில் தெரிந்த உருளை வடிவங்களை அச்சொல் சுட்டியது. நோயின் இயல்பைச் சுட்டவில்லை.

கட்டி மெல்ல வளரும். அதன் உயிரணுக்கள் சிறியவை, பெரும்பாலும் ஒரே சீரானவை. ஆகவே பலர் அதனைத் தீங்கற்ற கலப்புக் கட்டியின் ஒரு வகையாகவே கருதினர். அது புற்றுநோயே என்பதை 1942இல் டாக்கர்டியும் மேயோவும் வலியுறுத்தினர். ‘அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா’ என்னும் பெயர் 1930இல் ஸ்பைஸின் கட்டுரையில் இடம்பெற்றிருந்தபோதிலும், 1953இல் ஃபுட், ஃப்ரேசல் ஆகியோரின் ஆய்வுக்குப் பின்னரே பரவலாக நிலைபெற்றது. அறுவைக்குப் பத்தாண்டுகள் கழித்தும் நுரையீரலில் தலைகாட்டக்கூடிய நோய் இது. மென்மையான பெயர், சிகிச்சையையும் மென்மையாக்கிவிடும் அபாயம் அங்கே இருந்தது.

அதே 1930இல் நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையின் மார்ட்டினும் எல்லிஸும் கட்டியை ஊசியால் உறிஞ்சி ஆராயும் முறையை வெளியிட்டனர். பின்னர் ஸ்வீடன் மருத்துவர்கள் மெல்லிய ஊசியைக் கொண்டு அதனைச் செம்மைப்படுத்தினர். ஜீம்சா சாயமிட்ட தகட்டில் செங்கருநீல உருண்டைகளும் அவற்றைச் சூழ்ந்த சிற்றணுக்களும் இந்நோயை நினைவூட்டும். ஆயினும் அத்தகைய உருண்டைகள் தீங்கற்ற கட்டிகளிலும் காணப்படலாம். கட்டி சுற்றுத்திசுவை ஊடுருவியதா, நரம்பைச் சுற்றிப் படர்ந்ததா என்பதை உதிரி அணுக்கள் சொல்லமாட்டா. திசுவின் அமைப்பே சொல்லும். 2009இல் கண்டறியப்பட்ட எம்.ஒய்.பி.–என்.எஃப்.ஐ.பி. மரபணு இணைவு மற்றொரு சான்றாயிற்று.

2018இல் வெளியான மிலான் அறிக்கைமுறை உயிரணு முடிவுகளை ஆறு பிரிவுகளாக வகுத்தது. ‘தீங்கின் அளவு உறுதியற்ற கட்டி’ என்பதற்கும் அதில் இடமுண்டு. ஐயத்துக்கே முறையான பெயர் கிடைத்தது.

காந்தலூர் போன்ற மலையூர்களுக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஊசியும் தகடும் சாயமும் சிறு மருத்துவமனைக்கும் எட்டும். திசுவை மெழுகில் பதித்துச் சீவி ஆராய்வதற்கு நகரத்து ஆய்வகம் வேண்டும். முதல் அறிக்கை அவசரப்பட்டுத் ‘தீங்கற்றது’ என்றால், நோயாளி மலையேறி ஊர் திரும்பிவிடுவார். ‘உறுதியற்றது, திசு தேவை’ என்றால், அடுத்த பயணத்துக்கு ஆயத்தமாவார்.