அம்மிக்கல் சொல்லும் வரலாறு

நங்கநல்லூரில் வீட்டு மாடியில் நின்றால் மீனம்பாக்கத்து விமானங்கள் பறப்பதைக் காணலாம். அவற்றுள் சில, ஏறத்தாழ நாலரை மணி நேரத்தில் சிங்கப்பூரை அடைந்துவிடும். 1926 முதல் 1973 வரை கடலோடிய ‘ரஜூலா’ கப்பலுக்கோ, சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாக அங்கே சென்று சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆயிற்று. அத்தகைய கப்பல்களில் கைக்குழந்தையோடு பயணம் செய்த நம் பெண்மக்களைப் பற்றி நாம் எண்ணியதுண்டா?

சிங்கப்பூர்த் தமிழ் முஸ்லிம்கள் என்றதும் நம் நினைவுக்கு வருவோர் வணிகர்களே. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற சூலியா முஸ்லிம்கள், 1826-இல் அன்சார் சாகிபு தலைமையில் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ பள்ளிவாசலை நிறுவினர். 1827-இல் தெலுக் ஆயர் தெருவில் ஓலைக் குடிசையாய் எழுந்த அல் அப்ரார் பள்ளிவாசலுக்குக் ‘குச்சுப் பள்ளி’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஆயினும் அவ்வணிகருள் பெரும்பாலோர் மனைவி மக்களை ஊரில் விட்டுச் சென்றவர்கள். அவர்களுக்குச் சிங்கப்பூர் கடை இருந்த ஊர்; வீடு இருந்த ஊர் அன்று.

இந்த வழக்கத்தை மாற்றியவர்கள் கடையநல்லூர், தென்காசி மக்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கைத்தறி நெசவு நலிவுற்றபோது, அவர்கள் குடும்பத்தோடு சென்று தஞ்சோங் பகார் பகுதியில் குடியேறினர். ஆண்களின் கூலி மட்டும் குடும்பத்துக்குப் போதவில்லை. பெண்கள் மிளகாய், மல்லி, மஞ்சளை அம்மியில் அரைத்து, அந்த மசாலாவை விற்றுக் குடும்பத்தைத் தாங்கினர். சொந்த ஊரில் சமையலறைக்குள் அடங்கியிருந்த கைப்பழக்கம், அந்நிய நகரத்தில் ஒரு தொழிலாயிற்று. சந்தையின் பொதுமொழி மலாய். எனவே, எழுத்தறியாத பெண்ணும் விலை சொல்லவும் பேரம் பேசவும் ஒரு புதிய மொழியைப் பழக வேண்டியிருந்தது.

குடும்பம் வந்ததும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தேவைப்பட்டது. 1941-இல் தோன்றிய சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக், ஜப்பானியர் ஆட்சியின் துயரம் நீங்கிய மறு ஆண்டே, 1946-இல், ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கி, சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் பெயரைச் சூட்டிற்று. அது உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. ஆனால் வேலைக்கு ஆங்கிலமே வழி என்றான பின், பெற்றோர் ஆங்கிலப் பள்ளிகளை நாடினர். 1982-இல் அப்பள்ளி மூடப்பட்டது. அவர்களைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை. பிள்ளைகள் வாழ வேண்டும் என்றுதானே கடல் கடந்தார்கள்! எனினும் பெயர் மறையவில்லை. 1983 முதல் உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையம் சமய வேறுபாடின்றித் தமிழ் கற்பித்து வருகிறது.

கடை வைத்தவர்களும் பள்ளிவாசல் எழுப்பியவர்களும் வரலாற்று நூல்களில் இடம் பெற்றுவிட்டனர். அம்மி அரைத்த தாய்மாருக்கோ அங்கே சில வரிகளே கிடைத்துள்ளன. ஆனால், வந்த ஊரைச் சொந்த ஊராக்கியவர்கள் அவர்களே. அன்பர்களே, உங்கள் குடும்பத்தில் அவ்வாறு கடல் கடந்த மூதாட்டி ஒருவர் இருப்பின், அருகே அமர்ந்து கேளுங்கள். அவர் சொல்வதை இன்றே எழுதி வையுங்கள்.