கட்சிப் பெயரும் கொள்கை உறுதியும்: சேர் றொபேட் பீல் பற்றிய ஒரு நோக்கு

பழைமை பேணுவோர் மாற்றத்தை எதிர்ப்பர்; தாராண்மைவாதிகள் அதனை வேண்டி நிற்பர் என்பது இவ்விரு பெயர்களுக்கும் பொதுவாகக் கூறப்படும் விளக்கமாகும். ஆயின், இவை கட்சிப் பெயர்களாக நிலைபெற்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வரலாற்றை நோக்குமிடத்து, அவ்விளக்கம் போதாதென்பது புலனாகும். அங்குக் கட்சியில் நின்றுகொண்டே கொள்கையை மாற்றியோரும் உளர். கட்சியை விட்டு நீங்கியும் தம் நோக்கத்தைக் காத்தோரும் உளர். ‘கொள்கை உறுதி’ எனப்படுவது யாது என்னும் வினாவைச் சேர் றொபேட் பீலின் அரசியல் வாழ்வு மிகக் கூர்மையாக எழுப்புகின்றது.

பெயர்களின் பிறப்பை முதலிற் கருதலாம். ‘தோரி’ என்பது அயர்லாந்தின் கொள்ளையரைக் குறித்த சொல். ‘விக்’ என்பது ஸ்கொத்லாந்தின் மதக் கிளர்ச்சியாளரை இழித்துரைத்த சொல். இரண்டும் எதிரிகள் வைத்த வசைப்பெயர்களே. ‘லிபரல்’ என்னும் பெயர் 1812 ஆம் ஆண்டு அரசியலமைப்பை ஆக்கிய ஸ்பானிய அரசியல்வாதிகளிடமிருந்து பரவியது. ‘கொன்சவேற்றிவ்’ என்பது 1830 அளவிலேயே இங்கிலாந்தில் வழக்கிற்கு வந்தது. அப்பெயருக்குத் தெளிவான பொருளை அளிக்க முனைந்தவர் பீல் ஆவார். 1832 இன் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்த அவர், 1834 இல் தம் தொகுதியான தாம்வேர்த் வாக்காளருக்கு வெளியிட்ட அறிக்கையில் அதனை முடிந்த முடிபாக ஏற்றுக்கொண்டார். நிறுவனங்களைப் பேணவேண்டுமாயின் அவற்றில் நிரூபிக்கப்பட்ட குறைகளைக் களையவேண்டும் என்பதே அவ்வறிக்கையின் சாரம்.

பீல் மீதான துரோகக் குற்றச்சாட்டு அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. கத்தோலிக்கருக்குப் பாராளுமன்ற உரிமை அளிப்பதைப் பல்லாண்டுகளாக எதிர்த்துவந்தவர் அவர். 1828 இல் அயர்லாந்தின் கிளேயர் தொகுதியில் டானியல் ஓ’கொனல் வெற்றிபெற்றதும், உரிமையை மறுப்பின் உள்நாட்டுப் போர் மூளும் என அஞ்சிய உள்துறை அமைச்சர் பீல், 1829 இல் தாமே அம்மசோதாவை முன்வைத்தார். அதற்கு முன்னர் அவர் செய்த செயலொன்று குறிப்பிடத்தக்கது. தம்மைக் கத்தோலிக்க எதிர்ப்பாளராகக் கருதித் தெரிந்தனுப்பிய ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத் தொகுதியைத் துறந்து, அங்கேயே மீண்டும் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். பின்னர் வேறொரு தொகுதியூடாகவே பாராளுமன்றம் புகுந்தார்.

பெருஞ்சோதனை 1846 இல் வந்தது. 1815 இன் தானியச் சட்டம், உள்நாட்டுக் கோதுமை குவாட்டர் ஒன்றுக்கு 80 சிலிங் விலையை அடையும்வரை பிறநாட்டுக் கோதுமையைத் தடைசெய்தது. 1828 இலும் 1842 இலும் தளர்த்தப்பட்டபோதும் காப்பு வரி நீங்கவில்லை. நிலவுடைமையாளருக்கு அது அரண். நகரத் தொழிலாளருக்கோ அது உணவின்மீது சுமத்தப்பட்ட வரி. 1841 இல் பீலின் கட்சி ஆட்சிக்கு வந்தது அவ்வரணைக் காக்கும் என நம்பிய கிராமத் தொகுதிகளின் ஆதரவினாலேயாம். ஆயின் உணவின் விலை வீழ்ந்தாற் கூலியும் வீழும் என்ற தம் பழைய கருத்து அனுபவத்தாற் பொய்த்தது எனப் பீல் கண்டார். 1845 இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை நோய் அழித்தபோது, சட்டத்தை நீக்கத் துணிந்தார்.

அமைச்சரவை உடன்படாதபோது, டிசம்பரில் அவர் பதவி துறந்தார். விக் தலைவர் யோன் றசல் பிரபுவால் அரசாங்கம் அமைக்க இயலவில்லை. பொறுப்பு மீண்டும் பீலிடமே வந்தது. 1846 மே மாதத்திற் பொதுச்சபையின் மூன்றாம் வாசிப்பில் மசோதா 327 இற்கு 229 வாக்குகளால் நிறைவேறிற்று. பீலின் கட்சியினருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் எதிர்த்தே வாக்களித்தனர். யூன் 25 இல் பிரபுக்கள் சபை அதனை நிறைவேற்றிய அன்றிரவே, பொதுச்சபையில் அயர்லாந்து பற்றிய வேறொரு மசோதாவில் அவர் தோற்கடிக்கப்பட்டார். அத்துடன் அவரது ஆட்சி முடிவுற்றது.

அவரைத் துரோகியென மிகக் கடுமையாகச் சாடியவர் பென்ஜமின் டிஸ்றேலி. அவரோ 1852 இல் நிதியமைச்சரானதும் காப்பு வரிக் கொள்கையைக் கைவிட்டார். 1866 இல் தாராண்மைவாதிகள் கொணர்ந்த வாக்குரிமை மசோதாவைத் தோற்கடிக்க உதவிய அவரே, மறு ஆண்டில் அதனினும் விரிந்த சட்டத்தை நிறைவேற்றினார். மறுபுறம், பெண்களினதும் இளைஞரினதும் ஆலை வேலைநேரத்தைப் பத்து மணித்தியாலமாகக் குறைக்கும் சட்டத்தை எதிர்த்தோருள் முன்னின்றவர் கட்டற்ற வர்த்தகத்தின் பெருங்குரலாகிய யோன் பிறைற் ஆவார். அதற்காகப் பல்லாண்டு போராடியவர் பழைமை பேணுவோராகிய ஆஷ்லி பிரபு. எனவே, கட்சிப் பெயர் ஒருவர் மாற்றத்தை விரும்புகின்றாரா என்பதை உணர்த்துவதில்லை. எதை மாற்றவும் எதைக் காக்கவும் முனைகின்றார் என்பதை வினவிய பின்னரே அப்பெயருக்குப் பொருள் உண்டாகின்றது.

இவ்வளவையில் நோக்கின், பீல் தம் நோக்கத்தில் மாறியவரல்லர். காலத்தே விட்டுக்கொடுப்பதன்மூலம் ஆட்சியமைப்பைக் காப்பதே 1829 இலும் 1846 இலும் அவர் மேற்கொண்ட வழி. ஆயினும் இதனோடு அவர் குற்றமற்றவராகி விடுவதில்லை. வாக்காளர் அளித்த நம்பிக்கை என்று ஒன்றுண்டு. ஆஷ்லி பிரபுவும் தானியச் சட்டம் பற்றிய கருத்தை மாற்றிக்கொண்டவரே. ஆனால், காப்பு வரியை ஆதரிப்பவராகத் தம்மைத் தெரிந்த டோசெற் தொகுதியை 1846 சனவரியில் அவர் துறந்தார். அதன் விலை சிறிதன்று. தாம் போராடிய பத்து மணித்தியாலச் சட்டம் 1847 இல் நிறைவேறியபோது அவர் சபையில் இல்லை. 1829 இல் ஒக்ஸ்போட்டைத் துறந்த பீல், 1846 இற் பாராளுமன்றத்தைக் கலைத்து நாட்டின் தீர்ப்பை நாடவில்லை. பசி காத்திருக்காது என்பது அவருக்காகக் கூறத்தக்க நியாயம். அது வலிமையான நியாயமே. எனினும், நம்பி வாக்களித்தோரின் மனக்குறை வெறும் தன்னலம் என ஒதுக்கத்தக்கதன்று.

கருத்து மாறுவது குற்றமாகாது. அனுபவம் பொய்ப்பித்த கருத்தைப் பற்றி நிற்பது உறுதியுமாகாது. மாறியவர் அதற்குரிய காரணத்தை வெளிப்படையாகக் கூறினாரா, அதற்கான இழப்பைத் தாமே ஏற்றாரா என்பவையே வினவத்தக்கவை. பீல் காரணத்தைக் கூறினார், பதவியை இழந்தார், 1850 இல் இறக்கும்வரை மீண்டும் அமைச்சராகவில்லை. அவர் கட்சி பிளவுண்டது. அவரைப் பின்பற்றிய கிளாட்ஸ்டன் போன்றோர் 1859 இல் விக் கட்சியினரோடும் தீவிரவாதிகளோடும் இணைந்ததிலிருந்தே தாராண்மைக் கட்சி முறையாக உருப்பெற்றது. பழைமை பேணும் கட்சிக்குக் கொள்கை வகுத்தவரின் மாணாக்கரே எதிர்க்கட்சியின் தூண்களாயினர் என்பது, அப்பெயர்களுக்கு இடையேயுள்ள எல்லை எத்துணை மெல்லியது என்பதற்குப் போதிய சான்றாகும்.