வருமானம் சொல்லாத வரலாறு

அமெரிக்காவில் குடியேறியவர்களில் நைஜீரியர் முன்னேறினர், கம்போடியர் பின்தங்கினர் என்று வருமானத்தை வைத்துச் சொல்கிறார்கள். இருவரும் வந்த வழி வேறு. நைஜீரியர் பலர் மாணவராக, பட்டதாரியாக விசா பெற்று வந்தவர்கள். செவிலியரான பெண்களும் அவர்களில் உண்டு. கம்போடியரில் பெரும்பாலோர் கெமர் ரூஜ் ஆட்சியில் (1975–79) உயிர்தப்பி அகதிகளாக வந்தவர்கள். அந்த ஆட்சியில் படித்திருப்பதே கொல்லப்படக் காரணமாயிற்று. எழுதப் படிக்கத் தெரிந்ததை மறைத்துப் பிழைத்தவர்கள் பலர்.

1980களில் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் நூற்றுக்கும் மேற்பட்ட கம்போடியப் பெண்கள் பார்வை இழந்திருந்தனர். கண்ணில் நோய் எதையும் மருத்துவர்கள் காணவில்லை. உற்றார் கொல்லப்பட்டதைக் கண்ட கண்கள் அவை. அப்பெண்களிடம், நீங்கள் ஏன் உழைத்து முன்னேறவில்லை என்று கேட்க நமக்கு வாய் வருமா? ஒரு சமூகம் எவ்வளவு சம்பாதிக்கிறது என்று எழுதுமுன், அதன் பெண்கள் எதை இழந்து வந்தார்கள் என்று எழுதுவோம்.