புள்ளிக்கு ஒரு நகரா விசை

சென்ற மாதம் நம் மாணவர் ஒருவர், தாமே வடிவமைத்த விளையாட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியின் பெட்டியை நம்மிடம் காட்டினார். மேலேயுள்ள பொத்தானுக்கு நேர்கீழே சுவிட்சு இல்லை, விரலகலம் தள்ளியிருந்தது. இடையே ஒரு சிறு நெம்புகோல். தாங்குபுள்ளியைச் சுவிட்சுக்கு அருகில் வைத்தால் விரல் நெடுந்தூரம் அழுத்த வேண்டும். பொத்தானுக்கு அருகில் வைத்தால் விரல் வலிக்கும். இடர்ப்பட்டுக் கொண்டிருந்தார்.

தமிழாசிரியரிடம் இதற்கென்ன விடை என்று வாசகர் வினவலாம். மதுரையின் மாசி வீதிகளை ஒட்டிய சந்தொன்றில், மாடியிலிருந்த பயிலகத்தில் தமிழ்த் தட்டச்சு பயின்ற விரல்கள் நம்முடையவை. அந்தப் பெட்டியைக் கண்டதும் நம் நினைவுக்கு வந்தவர் ஆர். முத்தையா.

1886இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து, 1907இல் மலாயாவுக்குப் பெயர்ந்தவர் அவர். தமிழுக்குத் தட்டச்சுப் பொறி அமைக்க முனைந்தவர்களுள் தலையாயவர். ஜெர்மனியின் திரெஸ்டன் நகரில் சைடல் அண்டு நௌமான் நிறுவனம் செய்த ‘பிஜோ’ என்னும் சிறு பொறியில் அவருடைய தமிழ் விசைப்பலகை இடம்பெற்றது.

அவர் முன்னிருந்த சிக்கலை எண்ணிப் பார்ப்போம். தமிழ் எழுத்துகள் 247. பொறியிலோ நாற்பத்து சொச்சம் விசைகள். விசைக்கு இரண்டு உருவங்களே. கொம்பும் காலும் தொல்லை தருவதில்லை. ‘கொ’ வேண்டுமெனில் கொம்பு, ககரம், கால் என வரிசையாய்த் தட்டினால் போதும். உகர, ஊகார வரிசைகளில் குறி எழுத்தோடு ஒட்டி உருமாறுவதால் பல தனி உருவங்கள் தேவைப்பட்டன. எஞ்சியது புள்ளி. அது எழுத்தின் பக்கத்தில் அன்று, தலைமேல் அமர்வது.

விசையை அழுத்தினால் நெம்புகோல் இழுபட்டு, அச்சுக்கை எழும்பி, மை நாடாவின் மீது அடிக்கும். அதே அசைவில் ஒரு பொதுச் சட்டமும் தள்ளப்பட்டு, காகிதம் தாங்கிய வண்டி ஓரிடம் நகரும். புள்ளியின் விசைக்கு மட்டும் அந்தச் சட்டத்தோடு உறவை அறுத்துவிட்டால்? புள்ளி விழும், வண்டி நகராது. அடுத்துத் தட்டும் ககரம் அதன் கீழேயே வந்தமரும். இதுவே நகரா விசை. பதினெட்டு மெய்களுக்கும் தனித்தனி உருவம் வேண்டாமல் ஒரு புள்ளியே போதுமாயிற்று.

இதில் இலக்கண மாணவர் வியக்க ஒன்றுண்டு. புள்ளி பெறுதல் மெய்யின் இயல்பு என்கிறது தொல்காப்பியம். கையால் எழுதுகையில் நாம் எழுத்தை இட்டபின் புள்ளி வைக்கிறோம். பொறியிலோ புள்ளி முந்தி, எழுத்து பிந்தி! ஒரு நெம்புகோலின் வசதிக்காக விரல்கள் எழுதும் முறையைத் தலைகீழாகக் கற்றன. 1999இல் வகுக்கப்பட்ட தமிழ்99 கணினி விசைப்பலகையில் எழுத்து முன்னும் புள்ளி பின்னுமாய் இயல்பு மீண்டது. கணினியில் நகர்த்த வண்டியில்லை.

பொறியின் நெருக்கடி வரிவடிவத்தையும் தொட்டது. பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்திற்கு அச்சு, தட்டச்சு எளிமையும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 1978இல் தமிழக அரசு அதனை ஏற்றபோது லை, னை முதலியவற்றின் பழைய தும்பிக்கை வடிவங்கள் விடைபெற்றன.

ஏடு தேடிய பதிப்பாசிரியர்களை ஆண்டுதோறும் வகுப்பில் போற்றுகிறோம். முத்தையாவின் பெயரை இத்தனை ஆண்டில் ஒருமுறையும் நாம் உச்சரித்ததில்லை. எழுத்தைக் காத்தவரைப் பாடமாக்கிய நாம், அதற்கு விரல் தந்தவரை மறந்தோம்.

மாணவரை அழைத்துச் சென்று பழைய பொறியொன்றைத் திறந்து காட்டினோம். புள்ளி விசையைப் பத்து முறை அழுத்திப் பார்த்தார், வண்டி அசையவில்லை. “இதைச் செய்தவர் பெயரென்ன, ஐயா?” என்றார். சொன்னோம். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார், ‘த்’துக்குப் புள்ளியைக் கடைசியாகத்தான் வைத்தார்.