கைப்பின்னல் தொப்பியும் தமிழர் தலைத்துணியும்

கைப்பின்னல் தொப்பி என்பது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஊசிகளைக் கொண்டு, நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துக் கையால் பின்னப்படும் தலையணி. கம்பளி நூலில் பின்னுவதே பெருவழக்கு. குளிர்நாடுகளில் வளர்ந்த இக்கலை தமிழகத்துக்குப் பிந்தித்தான் வந்தது. அதற்கு முன்பே இங்கே தலையை மூடுவதற்கு வேறு வழிகள் வேரூன்றியிருந்தன. துணியைச் சுற்றிக் கட்டுவது முதன்மையான வழி. ஓலையையும் கோரையையும் முடைவது அடுத்தது. எதைத் தலையில் வைக்கலாம், யார் வைக்கலாம், யார் கையால் வைக்கப்பட வேண்டும் என்பதெல்லாம் இம்மண்ணில் மானத்தையும் மரியாதையையும் சார்ந்த கேள்விகளாக இருந்திருக்கின்றன. அந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் பின்னல் குல்லா இங்கே பிடித்த இடம் விளங்கும்.

சொற்கள்

தலைப்பாகை, தலைக்கட்டு, முக்காடு, முண்டாசு, உருமால், குல்லா, தொப்பி எனத் தலையணியைக் குறிக்கும் சொற்கள் தமிழில் பல உண்டு. இவற்றுள் ‘தொப்பி’ இந்துஸ்தானியிலிருந்து வந்தது. ‘குல்லா’ பாரசீகத்தின் ‘குலாஹ்’ என்பதன் திரிபு. ‘உருமால்’ முகம் துடைக்கும் துணியைக் குறிக்கும் ‘ரூமால்’ என்ற பாரசீகச் சொல்லிலிருந்து பிறந்தது. முன்கூட்டியே வடிவம் கொடுத்துச் செய்து தலையில் கவிழ்க்கும் அணிகளான தொப்பியும் குல்லாவும் வந்த சொற்களாக இருக்க, தலையில் சுற்றியும் போர்த்தியும் கொள்ளும் தலைக்கட்டும் முக்காடும் தமிழ்ச் சொற்களாக இருப்பதைக் காணலாம்.

செய்முறை

நெசவில் பாவும் ஊடும் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். பின்னலில் ஒரே நூல், தன் கண்ணிக்குள் தானே நுழைந்து அடுத்த கண்ணியை உண்டாக்கிக்கொண்டே செல்லும். அதனால் நெய்த துணி விறைப்பாக நிற்க, பின்னிய துணி இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். உருண்டையான தலைக்கு இது மிகவும் ஏற்றது. நான்கு அல்லது ஐந்து இருமுனை ஊசிகளில் கண்ணிகளை வட்டமாக ஏற்றி, விளிம்பிலிருந்து மேல்நோக்கிப் பின்னிக்கொண்டு போவார்கள். உச்சியை நெருங்கும்போது இரண்டிரண்டு கண்ணிகளாகச் சேர்த்துக் குறைத்து, கடைசியில் எஞ்சும் சில கண்ணிகளுக்குள் நூலை இழுத்து முடிச்சிட்டால் தையலே இல்லாத தொப்பி கிடைக்கும். கம்பளி இழைகளுக்கிடையே காற்று தங்கி நிற்பதால் தலையின் சூடு வெளியேறாது. ஒற்றைக் கொக்கி ஊசியால் செய்யும் குரோஷா வேலை இதற்கு நெருங்கிய உறவு. இஸ்லாமியர் தொழுகைக்கு அணியும் வெள்ளை வலைத்தொப்பிகளில் பலவும் இம்முறையில் ஆனவை.

பிறந்த இடமும் ஒரு சட்டமும்

உண்மையான ஊசிப் பின்னலுக்கு இன்று கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் எகிப்தில் கண்டெடுக்கப்பட்ட, இஸ்லாமியர் ஆட்சிக் காலத்தைச் சேர்ந்த பருத்திக் காலுறைத் துண்டுகள் முக்கியமானவை. நடுக்கடல் நாடுகளின் வழியே இக்கலை ஐரோப்பாவுக்குப் பரவியது. இங்கிலாந்தில் பின்னல் தொப்பி ஒரு பெருந்தொழிலாகவே வளர்ந்தது. கம்பளியில் பின்னி, நீரில் இட்டு மிதித்துக் கெட்டியாக்கி, மேற்பரப்பைச் சீவி மழமழப்பாக்கி விற்றார்கள்.

16ஆம் நூற்றாண்டில் அத்தொழில் நலிந்தபோது, முதலாம் எலிசபெத் அரசியின் ஆட்சியில் 1571இல் ஒரு சட்டம் வந்தது. ஆறு வயதுக்கு மேற்பட்ட அனைவரும் ஞாயிறுகளிலும் திருநாள்களிலும் இங்கிலாந்தில் செய்த கம்பளிப் பின்னல் தொப்பியை அணிய வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு மூன்று ஷில்லிங் நான்கு பென்ஸ் தண்டம். பிரபுக்களுக்கும் உயர்குடிப் பெண்களுக்கும் விலக்கு உண்டு. ஆகவே அந்தத் தொப்பி தொழிலாளியின் அடையாளமாகவே ஆயிற்று. 1597இல் சட்டம் நீக்கப்பட்டது. இதற்கிடையே 1589இல் வில்லியம் லீ காலுறை பின்னும் பொறியை உருவாக்கினார். கைப்பின்னலுக்கு நிகரான கண்ணிகளை இயந்திரமே போடும் காலம் அன்றே தொடங்கிவிட்டது.

கட்டும் நாடு

இங்கிலாந்துச் சட்டம் எளிய மக்களைத் தொப்பி அணிந்தே ஆக வேண்டும் என்றது. தமிழகத்தின் வழக்கமோ பல இடங்களில் அதற்கு நேர்மாறாக இருந்தது.

அரியலூருக்குத் தெற்கே உள்ள கீழப்பழுவூரை எடுத்துக்கொள்வோம். பழுவேட்டரையர்கள் சோழருக்குட்பட்டு ஆண்ட பழுவூர்ப் பகுதி இது. திருஞானசம்பந்தர் பாடிய ஆலந்துறையார் கோயில் இங்கேதான் இருக்கிறது. முற்காலச் சோழர் கோயில்களில் இறைவடிவங்களின் தலையைப் பார்த்தே அவை யாரென அறியலாம்: சிவனுக்குச் சடைமகுடம், திருமாலுக்குக் கிரீடமகுடம், தேவியர்க்குக் கரண்டமகுடம். கல்லில் கூடத் தலையணிதான் தகுதியைச் சொல்கிறது.

கோயிலுக்கு வெளியே வந்தால், சுண்ணாம்புக்கல்லும் கரிசலும் கலந்த இந்த வெயில் பூமியில் பருத்தி விளைகிறது. காட்டில் வேலை செய்வோருக்குத் துண்டே தலையணி. வெயிலுக்கு முண்டாசு, வியர்வைக்குத் துடைப்பான், சுமைக்குச் சும்மாடு, படுக்கும்போது விரிப்பு என ஒரே துண்டு நான்கு வேலை செய்யும். மழை வந்தால் சாக்கின் ஒரு மூலையை இன்னொன்றுக்குள் மடித்துத் தலையில் கவிழ்த்தால் கொங்காணி. அவிழ்த்தால் மீண்டும் துணியாகவோ சாக்காகவோ ஆகிவிடும் இவை இருக்கையில், வடிவம் மாறாத தொப்பிக்குத் தேவையே எழவில்லை.

பயன்பாட்டைத் தாண்டி, தலைத்துணிக்கு இன்னொரு வாழ்வும் உண்டு. கோயிலில் சாமிக்குச் சாத்திய துணியைத் தலையில் கட்டுவது பரிவட்டம். அது யாருக்கு முதலில் என்பதில் ஊர்கள் பிளந்திருக்கின்றன, வழக்குகள் நீதிமன்றம் வரை சென்றிருக்கின்றன. கொங்குத் திருமணத்தில் மாப்பிள்ளைக்கு உருமால் கட்டுவது ஒரு சீர். தந்தை இறந்தபின் மகனுக்குத் தலைப்பாகை கட்டிக் குடும்பப் பொறுப்பை ஒப்படைப்பது பல சமூகங்களில் உள்ள சடங்கு. திருவிழாவுக்கு வரி பிரிக்கும்போது ஒரு குடும்பத்தை ‘ஒரு தலைக்கட்டு’ என்றே எண்ணுகிறார்கள். இவை அனைத்திலும் துணியை விடக் கட்டும் கைக்கே மதிப்பு அதிகம்.

தமிழக முஸ்லிம்களிடம் முடைந்த தொப்பி வழக்கில் இருந்தது. மரைக்காயர், லெப்பை ஆண்கள் வண்ணப் புல்லில் முடைந்த உயரமான தொப்பி அணிந்ததை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பு குறிப்பிடுகிறது. கையால் செய்து வடிவம் கொடுத்த தலையணி தமிழ் மண்ணிலும் இருந்ததற்கு இது நல்ல சான்று.

துண்டு இறங்கிய இடம்

தலையில் கட்டுவது மரியாதை என்றால், கட்டவிடாமல் தடுப்பது அவமதிப்பு. பண்ணையார் எதிரே வரும்போது தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கவோ இடுப்பில் கட்டவோ வேண்டும் என்ற கட்டாயம் ஒடுக்கப்பட்ட மக்கள் மீது நெடுங்காலம் சுமத்தப்பட்டிருந்தது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர்கள் மீது ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தனர். ஆண்கள் கோட்டு, சட்டை, பனியன் அணியக் கூடாது. முடியைக் கிராப்பாக வெட்டிக்கொள்ளக் கூடாது. வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது. செருப்பு அணியக் கூடாது. பெண்கள் மேலுடம்பைத் துணியால் மறைக்கக் கூடாது என்பவை அவற்றுள் சில. வெயிலிலிருந்து தலையைக் காத்துக்கொள்வதே குற்றமாக்கப்பட்டது. பின்னலாடையான பனியனும் இப்பட்டியலில் இடம்பெற்றது கவனிக்கத்தக்கது.

வேலூர், 1806

மேலிருந்து திணிக்கப்பட்ட ஒரு தலைப்பாகை போராகவே வெடித்ததுண்டு. சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிராடாக், சிப்பாய்களுக்குப் புதிய வடிவத் தலைப்பாகை ஒன்றை 1805 நவம்பரில் கொண்டுவந்தார். அது ஐரோப்பியரின் வட்டத் தொப்பியை ஒத்திருந்தது; அதில் தோலால் ஆன குஞ்சமும் இருந்தது. நெற்றிக்குறி இடக்கூடாது, காதணி கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்ற கட்டளைகளும் உடன் வந்தன. தொப்பி என்றால் ஐரோப்பியர், கிறித்தவர் என்று பொருள்பட்ட காலம் அது. இதை அணிந்தால் சொந்தச் சாதிசனம் தம்மைச் சேர்த்துக்கொள்ளாது என்று இந்துச் சிப்பாய்களும் முஸ்லிம் சிப்பாய்களும் ஒருசேர அஞ்சினர்.

1806 மே மாதம் வேலூரில் ஒரு படைப்பிரிவு அணிய மறுத்தது. இருவருக்குத் தலா 900 கசையடி தண்டனை விதிக்கப்பட்டது. ஜூலை 10 அதிகாலையில் கோட்டைக்குள் கிளர்ச்சி வெடித்தது. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சில மணி நேரத்தில் அதை அடக்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பியப் படையினரும் நூற்றுக்கணக்கான சிப்பாய்களும் மாண்டனர். கோட்டையில் காவலில் இருந்த திப்புவின் மக்கள், குறைந்த சம்பளம், ஆட்சி மாற்றத்தின் கசப்பு என வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பற்றவைத்தது தலைப்பாகைதான். புதிய கட்டளைகள் கைவிடப்பட்டன. 1807இல் கிராடாக்கும் ஆளுநர் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டனர்.

மதுரை, 1921

வேலூரில் திணிக்கப்பட்ட தொப்பியை மறுத்தார்கள். மதுரையில் ஒருவர் தாமாகவே தொப்பியைத் துறந்தார். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் இருந்த காந்தி, தொப்பியையும் மேற்சட்டையையும் விடுத்து அரையாடைக்கு மாறினார். அந்நியத் துணியைக் கைவிடச் சொல்லும்போது, முழுக் கதராடை வாங்க இயலாத ஏழைகளிடம் அரையாடையே போதும் என்று சொல்ல வேண்டியிருந்தது. அதைத் தாமே செய்து காட்டினார். அவர் பெயரைத் தாங்கிய கதர்த் தொப்பியைத் தொண்டர்கள் நாடெங்கும் தொடர்ந்து அணிந்தனர். அவர் தலையில் அது மீண்டும் நிலைகொள்ளவில்லை.

ஊசி வந்த வழி

பின்னல் ஊசி தமிழகத்துக்குள் ஆரவாரமின்றி வந்தது. 19ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மிஷன் பெண்கள் பள்ளிகளில் எழுத்தோடு தையலும் பின்னலும் கைவேலையாகக் கற்பிக்கப்பட்டன. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் தொடங்கிய சரிகைப்பின்னல் வேலையும், அவர் மகள் எலைசா கால்டுவெல் இடையன்குடியில் வளர்த்த சரிகைப்பின்னல் வேலையும் இவற்றுள் புகழ்பெற்றவை. அது மெத்தையில் ஊசி குத்தி நூற்கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் வேறு முறை என்றாலும், நூலும் விரலும் கொண்டு பெண்கள் சம்பாதிக்கலாம் என்பதை அது காட்டியது. அன்றைய திருவிதாங்கூரில் அடிமை நிலையில் இருந்த சில பெண்கள் இவ்வேலையின் வருமானத்தைக் கொண்டே தம் விடுதலையை வாங்கினர்.

கம்பளிப் பின்னலுக்குக் குளிரும் வேண்டும். அது உதகை, குன்னூர், கொடைக்கானல் போன்ற மலையூர்களில் இருந்தது. சமவெளியில் பள்ளிக் கைவேலையாகவும், வீட்டில் ஓய்வுநேரத் திறனாகவும் நிலைத்தது. குரோஷா வேலைக்கும் இவ்வாறே வீடுகளில் இடம் கிடைத்தது. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ என்ற பெண்கள் குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷாப் போர்வையைக் காட்சிப்படுத்தி உலக சாதனை படைத்தனர். வீட்டு மூலைகளில் எத்தனை கைகள் இவ்வேலையை அறிந்திருந்தன என்பதற்கு அதுவே அளவுகோல்.

இயந்திரப் பின்னல் தனி வழியில் வளர்ந்தது. 1920களில் திருப்பூரில் பின்னலாடைத் தொழில் கால் பதித்தது. லீயின் பொறி தொடங்கிவைத்த கண்ணிதான் இன்று பனியனாகத் தமிழர் உடம்பில் இருக்கிறது.

மார்கழியும் தொட்டிலும்

இன்று தமிழர் வாழ்வில் பின்னல் குல்லாவை இரண்டு இடங்களில் பார்க்கலாம். ஒன்று மார்கழிப் பனி. விடியலில் கோயிலுக்கும் பால் வாங்கவும் போகும் முதியவர்களின் தலையில் முகம் மட்டும் தெரியும் மங்கிக் குல்லா இருக்கும். 1854இல் கிரிமியப் போரில் சண்டை நடந்த பலக்லாவா ஊரின் பெயரால் ஆங்கிலத்தில் அழைக்கப்படும் தொப்பியே இது. உலகப் போர்க் காலங்களில் பல நாட்டுப் பெண்கள் இதைப் பின்னிப் படைவீரர்களுக்கு அனுப்பினர். இப்போது இங்கே விற்பவை பெரும்பாலும் இயந்திரத்தில் ஆனவை.

மற்றொன்று தொட்டில். பிறந்த குழந்தையின் தலை உடலின் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு; உடற்சூடு அதன் வழியே விரைவாக வெளியேறும். ‘தலையில பனி எறங்கிடும்’ என்று பாட்டிமார் குல்லாவைத் தேடுவதற்கு மருத்துவத்திலும் இடமுண்டு. 1978இல் கொலம்பியாவின் போகோட்டா நகரில் தொடங்கிய ‘கங்காரு’ பராமரிப்பு முறையில், எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும்போது அதன் தலையில் குல்லா போட்டிருப்பார்கள். சில ஆயிரம் கண்ணிகளில் முடிந்துவிடும் இந்தச் சிறு தொப்பியே கைப்பின்னல் இன்னும் உயிரோடு இருக்கும் இடம். ஆண் பெண் வேற்றுமையும் சாதி அடையாளமும் இல்லாமல், பரிவட்டம் போல் முந்தி பிந்தி என்ற சண்டையும் இல்லாமல் தமிழகத்துத் தலையில் ஏறிய அணி இது ஒன்றே எனலாம்.

பதிவின் தேவை

வேலூர்த் தலைப்பாகைக்கு ஆணையிட்டவர் பெயரும், அதை எதிர்த்தவர்களுக்கு விழுந்த அடியின் எண்ணிக்கையும் ஆவணங்களில் இருக்கின்றன. பள்ளியில் ஊசி பிடிக்கக் கற்று, பேரக்குழந்தைக்குக் குல்லா பின்னிய பெண்கள் அந்த ஆவணங்களில் வருவதில்லை. அவர்களின் பின்னல் முறைகள் பெரும்பாலும் கைக்குக் கை, வாய்க்கு வாய் வந்தவை. உள்ளூர் வரலாறு தொகுக்கும் மாணவர்கள் தம் வீட்டு முதிய பெண்களிடம் இவற்றைக் கேட்டு எழுதலாம்: எங்கே கற்றார்கள், எந்தக் கண்ணியை என்ன பெயரால் அழைத்தார்கள், முதல் குல்லாவை யாருக்குப் பின்னினார்கள். கீழப்பழுவூர் போன்ற ஊர்களில் முண்டாசு கட்டும் முறைகளையும், சும்மாடு சுற்றும் விதத்தையும், கொங்காணி மடிப்பையும் படத்தோடு பதியலாம். துண்டு அவிழ்ந்தால் கட்டு மறைந்துவிடும், குல்லா பிரிந்தால் நூலாகிவிடும். கட்டியவரும் பின்னியவரும் சொன்னால்தான் இரண்டும் வரலாற்றில் நிற்கும்.