கஞ்சியும் கணக்கும்

மே மாதம் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுறம். அரிசி, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். பசி அடங்கும், ஆனால் வளருற பிள்ளைக்கு வேண்டிய புரதமும் கொழுப்பும் இரும்புச்சத்தும் அதில போதாது.

இரணைமடுத் தண்ணீரில் நெல் விளைந்த வன்னியில் ஏன் அந்த நிலை வந்தது?

2008 செப்டெம்பரில் ஐ.நா. நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. வயலை விட்டு ஓடின சனம் வெளியில இருந்து வாற உணவையே நம்பியிருந்தது. 2009 தொடக்கத்தில், உள்ளே இருப்பது ஏறத்தாழ 70,000 பேர்தான் என்றது அரசு. போர் முடிந்தபின் மெனிக் பாம் முதலான முகாம்களில் இருந்தவர்கள் மட்டும் 2,50,000-க்கு மேல். அரசு வேண்டுமென்றே தொகையைக் குறைத்துச் சொன்னது, அதனால் உணவும் மருந்தும் குறைந்தன என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது. சனத்தை வெளியேறவிடாமல் புலிகள் தடுத்ததையும் அதே அறிக்கை பதிவுசெய்தது.

ஒரு கோப்பைக் கஞ்சியில எவ்வளவு சத்து எண்டு கேட்கிறம். அதுக்கு முதல், எத்தனை பேருக்கு உலை வைக்கிறது எண்டு யார் தீர்மானிச்சது? அஸ்வெசும பட்டியலில தங்கட பெயரைத் தேடுற வீடுகளில அந்தக் கேள்வி இண்டைக்கும் இருக்கு.